பெயர்ந்த எலும்பும் இரு வழிகளும்

ஹைதராபாத் பஞ்சாகுட்டாவில் இயங்கும் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம், 1960களில் எலும்பு மருத்துவமனையாகத் தோன்றியது. இந்திய நகரச் சாலைகளில் இருசக்கர வாகனங்கள் பெருகப் பெருக, எலும்பு மருத்துவர்களுக்கு ஒரு காயம் பழக்கமாயிற்று. மடங்கிய முழங்கால் தரையில் மோதும்போது கீழ்க்கால் எலும்பு பின்னோக்கித் தள்ளப்படுகிறது. மூட்டின் பின்புறக் குறுக்கு நார், தான் பற்றியிருக்கும் எலும்புத் துண்டைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. இதுவே அவல்ஷன் முறிவு.

துண்டு விலகாதபோது மாவுக்கட்டு போதும். விலகிவிட்டால், நார் அதனை இழுத்துக்கொண்டே இருப்பதால் வெளிக்கட்டு எதுவும் பயன்தராது. ஆனால் முழங்காலின் பின்குழியில் பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் செல்கின்றன. பழைய அறுவைமுறைகள் அவற்றின் நடுவே வழிதேடின. 1990இல் பர்க்ஸ், ஷாஃபர் ஆகியோர் எளிய பாதை ஒன்றை விவரித்தனர். கெண்டைத்தசையின் உட்புறத் தலையைப் பக்கவாட்டில் ஒதுக்கினால், அத்தசையே ரத்தக்குழாய்க்குக் காப்பாகிறது. துண்டைத் திருகாணியால் பொருத்திவிடலாம்.

மற்றொரு வழியின் வேர் ஜப்பானில் உள்ளது. 1918இல் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையை நோக்கும் கருவியால் ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் பார்த்தார். அம்முயற்சியிலிருந்து வளர்ந்த ஆர்த்ராஸ்கோப்பின் துணையால், சிறு துளைகள் வழியே தையலிட்டுத் துண்டை இழுத்துக் கட்டும் முறை பின்னர் உருவானது.

புதியது வந்ததும் பழையது மறைந்தது என்று மருத்துவ வரலாற்றை எழுதுவது எளிது. இங்கு அவ்வாறு நிகழவில்லை. துண்டு பெரிதெனில் திருகாணி நன்கு பிடிக்கும். சிறிதாகவோ நொறுங்கியோ இருந்தால் தையலே ஏற்றது. திறந்த முறைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஆனால் மூட்டினுள் உள்ள பிற காயங்கள் அதில் எளிதில் புலப்படா. உள்நோக்கு முறை அவற்றையும் காட்டும். எனினும் அதற்கு நீண்ட பயிற்சி தேவை, மூட்டு இறுகும் இடரும் உண்டு. இருவகையிலும் பெரும்பாலோர்க்கு எலும்பு கூடி, மூட்டு நிலைபெறுகிறது.

ஆகவே முறைகளுக்கிடையிலான வேறுபாட்டைவிடக் காலமே பெரிது. நார் அறுபடாத நிலையில் துண்டை உரிய காலத்தில் பொருத்தினால் அந்நாரையே காப்பாற்றலாம். எக்ஸ்ரேயில் அத்துண்டு கவனிக்கப்படாது மாதங்கள் கழிந்தால், நாரையே புதிதாக அமைக்க நேரிடலாம். நாள்கூலிக்கு வாகனம் ஓட்டுபவருக்கு அது மீண்டும் வேலைக்குச் செல்வதா, வீட்டிலிருப்பதா என்ற வினா. அறுவைமுறைகளின் வரலாறு இவ்வினாவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.