பராமரிப்புப் பயணம்: கணக்கில் ஏறாத பெண்களின் நடமாட்டம் – பாணேரை முன்வைத்து ஓர் ஆய்வு

குழந்தையைப் பள்ளியில் விடுவது, திரும்பும் வழியில் காய்கறி வாங்குவது, மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, மாலையில் பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவருவது: ஊதியமில்லாத பராமரிப்பு வேலையில் கணிசமான பங்கு தெருவிலும் பேருந்திலும் நடக்கிறது. நகரப் போக்குவரத்துத் திட்டங்களோ அலுவலகம் போய்த் திரும்பும் பயணத்தையே அளவுகோலாகக் கொண்டு வளர்ந்தன. இந்த அளவுகோலின் வரலாற்றைப் புனேயின் மேற்குப் பகுதியான பாணேரை வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கணக்கெடுப்பின் வரலாறு

பெண்களின் பயணச் சிக்கல்களுக்கெனத் தனி மாநாடு அமெரிக்காவில் 1978இல் நடந்தது. பின்னர் ஸ்பெயினின் நகரத் திட்ட அறிஞர் இனேஸ் சான்செஸ் தே மதாரியாகா, 'பராமரிப்புசார் நடமாட்டம்' என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். கடைக்குப் போதல், பிறரை அழைத்துச் செல்லல், சொந்த வேலை எனப் பல தலைப்புகளில் சிதறிக் கிடந்ததால்தான் இப்பயணங்கள் அற்பமாகத் தெரிந்தன என்று காட்டினார். ஒன்றுசேர்த்து எண்ணியபோது அவை வேலைப் பயணங்களின் அளவை நெருங்கின.

இந்தியாவில் 1998–99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு முன்னோட்ட ஆய்வு நடந்தது. நாடு தழுவிய ஆய்வு 2019இல்தான் வந்தது. 2024 ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பயணத் தொலைவையும் வாகனத்தையும் வேலைக்குச் செல்வோரிடம் மட்டுமே கேட்டது. முன்னோட்ட ஆய்வில் வீட்டுவேலைக்கான நேரம் கணக்கில் ஏறிய பிறகும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்கான பயணம் வெளியிலேயே நின்றது.

2. பாணேரின் தடங்கள்

கிராமமாக இருந்த பாணேர் 1997இல் புனே மாநகராட்சியுடன் இணைந்தது. அருகிலுள்ள ஹிஞ்சவடியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வளர வளர, இங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகின. பாணேர் சாலை பல்கலைக்கழகச் சந்திப்பை நெடுஞ்சாலையோடு இணைக்கிறது. 23 நிலையங்களுடன் திட்டமிடப்பட்ட ஹிஞ்சவடி–சிவாஜிநகர் மெட்ரோவும் இதே திசையில்தான் செல்கிறது. இரண்டும் அலுவலகப் பயணத்துக்கு ஏற்றவை. பள்ளி, கடை, மருந்தகம், உறவினர் வீடு எனத் தொடரும் பயணமோ ஔந்த், பாலேவாடி, குன்றுக்கு அப்பாலுள்ள பாஷாண் என்று குறுக்காகப் பிரிந்து போகிறது. அலுவலக நேரத்துக்கு வெளியேதான் பெரிதும் நிகழ்கிறது.

2016இல் ஔந்த்–பாணேர்–பாலேவாடி பகுதி ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வானபோது நடைபாதைகள் கவனம் பெற்றன. குழந்தையின் கையைப் பிடித்து நடப்பவருக்கு இது நேரடிப் பயன். 2018 மார்ச் 8 அன்று புனே மாநகரப் போக்குவரத்துக் கழகம் பெண்களுக்கான 'தேஜஸ்வினி' பேருந்துகளைத் தொடங்கியது. மாதந்தோறும் 8ஆம் தேதி அவற்றில் கட்டணம் இல்லை. பாதுகாப்பு நோக்கில் இந்தத் தனிப் பேருந்துகள் முக்கியமான அடி. ஆனால் பராமரிப்பு வேலை மாதத்தின் எல்லா நாள்களிலும் இருக்கிறது.

3. கட்டணமும் தடமும்

தமிழ்நாடு 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. மகாராஷ்டிரம் 2023 மார்ச்சில் அறிவித்த பாதிக் கட்டணச் சலுகை மாநில அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளுக்கானது, புனேயின் நகரப் பேருந்துகளுக்கு அல்ல. வழியில் இறங்கி இறங்கி ஏறும் பெண் ஒவ்வொரு முறையும் டிக்கெட் எடுக்க வேண்டியிருப்பதால், நகரப் பேருந்தின் கட்டணமே பராமரிப்புப் பயணத்தைப் பெரிதும் பாதிக்கிறது.

முடிவுரை

கட்டணச் சலுகை அவசியம். அது மட்டும் போதாது. எண்ணப்படாத பயணத்துக்குத் தடமும் கிடைப்பதில்லை, நேர அட்டவணையும் கிடைப்பதில்லை. ஆகவே புனேயின் பயண ஆய்வுகள் பராமரிப்புப் பயணத்தைத் தனி வகையாக எண்ண வேண்டும். யாரோடு, எதற்காக, வழியில் எங்கெல்லாம் நின்று சென்றார் என்று கேட்க வேண்டும். அதன் அடிப்படையில் பாணேரின் குறுக்குத் தடங்களில் நண்பகலிலும் பேருந்துகள் ஓட வேண்டும். குடும்பங்களைத் தாங்கும் உழைப்புக்கு நகரம் செய்யவேண்டிய கடமை இது.