பருவமற்ற காட்டில் பருவ வேட்டை: தியோடர் ஹப்பக்கும் மலாயாவின் மான்களும்

கோலாலம்பூர் இரயில் நிலையத்தையும் ஜாமேக் பள்ளிவாசலையும் வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்பாரை மலேசிய வரலாறு பயில்வோர் நன்கு அறிவர். அவருடைய தம்பி தியோடர் ஹப்பக் (1872-1942) அந்த அளவுக்கு அறியப்பட்டவர் அல்லர். தமையனார் நகரத்தில் கட்டிய கட்டடங்கள் இன்றும் கண்முன் நிற்கின்றன. தம்பியார் விட்டுச் சென்றதோ ஒரு காடு. பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் தாமான் நெகாரா உருவாவதற்கு முதன்மைக் காரணராகக் குறிக்கப்படுபவர் அவரே. அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வேட்டையில் கழித்தவர் என்பதும் வரலாறே. இவ்விரண்டையும் இணைத்துக் காணும் முயற்சியாக இக்கட்டுரை அமைகின்றது. இங்கு நாம் யானையையும் காட்டெருதையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அன்றைய வேட்டையாளர்கள் அதிகம் பொருட்படுத்தாத மானையே அளவுகோலாகக் கொள்கின்றோம்.

தியோடர் ஹப்பக் 1895ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்தார். பின்னர்த் தோட்ட முதலாளியானார். 1905இல் வெளிவந்த அவருடைய முதல் நூல், ஐக்கிய மலாய் மாநிலங்களில் யானையையும் 'செலாடாங்' எனப்படும் காட்டெருதையும் வேட்டையாடிய அனுபவங்களைக் கூறுவது. 1912இல் பகாங்கில் மூன்று மாதம் வேட்டையாடியது குறித்த நூல் சிங்கப்பூரில் வெளிவந்தது. 1929இல் வந்த நூலோ முற்றிலும் வேறு திசையைக் காட்டுகின்றது. அஃது அலாஸ்காவின் மேற்குக் கோடிக்கு அவர் மேற்கொண்ட இரு வேட்டைப் பயணங்களின் வரலாறு.

1905, 1929 ஆகிய ஆண்டுகளில் வந்த இரு நூல்களையும் வெளியிட்ட நிறுவனம் ஒன்றே. இலண்டன் ரோலண்ட் வார்ட் நிறுவனம். இதனை நாம் தற்செயலான பதிப்புச் செய்தியாகக் கருதிக் கடந்துவிட இயலாது. ரோலண்ட் வார்ட் தொழிலால் பதிப்பாளர் அல்லர். இறந்த விலங்குகளின் உடலைப் பாடம் செய்து தருபவர். பிக்காடிலித் தெருவில் இருந்த அவருடைய கடைக்குப் பேரரசின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் கொம்புகளும் தோல்களும் வந்து சேர்ந்தன. 1892இல் அவர் இக்கொம்புகளின் நீளத்தையும் சுற்றளவையும் அங்குலக் கணக்கில் அளந்து, எய்தவர் பெயருடன் ஒரு பட்டியல் நூலாக வெளியிட்டார். அது பல பதிப்புகளைக் கண்டது. அந்நூல் வந்தபின் வேட்டையின் பொருளே மாறியது எனலாம். அதுவரை ஒரு வீட்டுச் சுவரில் தொங்கிய கொம்பு அவ்வீட்டாரின் பெருமை. பட்டியல் வந்த பிறகோ அஃது உலகெங்குமுள்ள கொம்புகளோடு வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று. கூட்டத்திலுள்ள எந்த ஆணையும் எய்வது வேட்டையாளனுக்குப் போதவில்லை. முதிர்ந்த, தனித்துத் திரியும் பெருங்கொம்பனைத் தேடிக் காத்திருப்பதே உயர்ந்த ஆட்டமாகியது. உள்ளூர்க் காட்டில் அத்தகைய கொம்பு கிடைக்காதெனின் கடல் கடந்து செல்லவேண்டும். அயல்நாட்டு வேட்டை என்னும் கனவு இந்த அளவுகோலிலிருந்தே பிறந்தது என்பது நம் கருத்து.

மலாயாவின் மானைப் பொறுத்தவரை இக்கனவுக்குக் காரணம் தெளிவு. இங்குள்ள பெருமான், மலாய் மொழியில் 'ரூசா' எனப்படுவது. தமிழகத்தில் கடமான் என்றும், தென்கோடியில் மிளா என்றும், இலங்கைத் தமிழரிடையே மரை என்றும் வழங்கும் இனமே அது. (மரை என்னும் சொல் சங்க நூல்களிலும் உண்டு. அதனை இன்றும் பேச்சில் காத்து வருபவர் இலங்கைத் தமிழரே.) மத்திய இந்தியக் காடுகளின் கடமான் கொம்புகள் நீளத்திற்குப் புகழ் பெற்றவை; மலாயாவின் கடமான் கொம்புகளோ குட்டையானவை. ஆகவே பட்டியலில் இடம்பெற விரும்பியவன் இங்கு மானைத் தேடவில்லை. ஹப்பக்கின் முதல் நூலின் தலைப்பிலேயே மான் இல்லை என்பதை நினைவிற் கொள்ளலாம். மான் குடும்பத்தின் மிகப் பெரிய உறுப்பினர் வட அமெரிக்காவின் மூஸ். அதன் மிகப் பெரிய வகை வாழும் இடம் அலாஸ்கா. மான்கொம்பின் உச்சத்தைக் காண விழைந்த ஒருவர் உலகின் மறுகோடிக்குச் சென்றதில் வியப்பில்லை.

அலாஸ்காவில் வேட்டையாளன் ஆண்டு முழுவதும் வேட்டையாட முடியாது. மூஸின் கொம்பு வசந்தத்தில் முளைத்து, கோடை முழுவதும் மென்தோல் போர்த்து வளர்கின்றது. ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர்த் தொடக்கத்திலும் அத்தோல் உரிந்து கொம்பு இறுகுகின்றது. தொடர்ந்து இணை சேரும் காலம். பின்னர்ப் பனிக்காலத்தில் கொம்பு தானே விழுந்துவிடுகின்றது. முழுமையான கொம்பை விரும்புவோனுக்குக் கிடைப்பவை சில வாரங்களே. சட்டமும் இந்த இயற்கைக் கடிகாரத்தையே பின்பற்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்குத் திறந்த பருவம், மூடிய பருவம், வெளியாருக்கு உரிமக் கட்டணம் என்னும் ஏற்பாடுகள் இருந்தன. விலங்கின் உடல், வேட்டையாளனின் விருப்பம், அரசின் சட்டம் மூன்றும் ஒரே நாள்காட்டியில் பொருந்தின.

இந்த நாள்காட்டி மலாயாவில் செல்லாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய காட்டில் கடமான்கள் ஒரே காலத்தில் கொம்புதிர்ப்பதில்லை. எந்த மாதத்திலும் இறுகிய கொம்புடன் ஓர் ஆணையும், மென்தோல் போர்த்த கொம்புடன் மற்றோர் ஆணையும் காணலாம். குட்டிகளும் பல மாதங்களில் பிறக்கின்றன. எந்த மாதத்தை மூடுவது? எதைத் திறப்பது? குளிர்நாட்டில் பிறந்த 'பருவம்' என்னும் கருத்து இங்குக் காலூன்ற இடமில்லை. ஆதலால் மலாயாவின் வேட்டைச் சட்டங்கள் காலத்தைவிட உரிமம், எண்ணிக்கை, பாலினம் ஆகியவற்றையே சார்ந்து நிற்கவேண்டியதாயிற்று. விடுதலைக்குப் பின் வந்த 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பெண் விலங்கையும் குட்டியையும் கொல்வதைத் தனிக் குற்றங்களாக வகுத்திருந்தது. முதிர்ந்த ஆணை மட்டும் எய்யவேண்டும் என்ற பழைய கொம்பு வேட்டையாளரின் நெறி, சட்ட மொழியில் மறுபிறவி எடுத்ததாகவே இதனை நாம் காண்கின்றோம்.

மலாய்க் கிராமத்தாரின் மான் வேட்டையோ இந்த நெறியை அறியாதது. நீண்ட கயிற்றில் வரிசையாகச் சுருக்குகளைக் கட்டிக் காட்டோரத்தில் நிறுத்தி, ஆட்களும் நாய்களும் கூடி மானை விரட்டி அதில் வீழ்த்துவர். பாவாங் எனப்படும் மந்திரவாதி முன்னின்று நடத்தும் கூட்டுத் தொழில் அது. ஸ்கீட் 1900இல் வெளியிட்ட மலாய் மாந்திரிகம் பற்றிய நூலில் இதற்குரிய மந்திரங்களும் விலக்குகளும் தொகுக்கப்பட்டுள்ளன. காலில் புண் வந்து இறந்த ஒரு மனிதனே மானாக மாறினான் என்ற நம்பிக்கையையும் அவர் பதிவு செய்துள்ளார். மானின் காலிலுள்ள தழும்புபோன்ற குறிகளே அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டனவாம். இங்குக் கொம்பின் நீளத்தை யாரும் அளக்கவில்லை. சுருக்கில் வீழ்ந்தது ஆணா பெண்ணா என்பது இரண்டாம் செய்தி, இறைச்சியே முதற்செய்தி.

தமிழாசிரியர்களுக்கு இவ்விடத்தில் புறநானூற்றின் 33ஆம் பாடல் நினைவுக்கு வரலாம். கோவூர்கிழார் பாடிய அப்பாட்டில் வேட்டுவன் வட்டி நிறைய மான்தசை கொணர்ந்து உழவர் மனையில் நெல்லைப் பெற்றுச் செல்கின்றான். அங்கு அது குற்றமன்று. நாட்டின் வளத்திற்கு அடையாளம். மான் இறைச்சி கைமாறுவது எங்கு வளமாகவும் எங்குக் குற்றமாகவும் கருதப்படுகின்றது என்பது காலத்தையும் ஆட்சியையும் பொறுத்தது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் மலாயாவில் நிகழ்ந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள ரப்பரையும் கணக்கில் கொள்ளவேண்டும். காடு அழிக்கப்பட்டு ரப்பர் நடப்பட்ட வேகத்தில் பெருவிலங்குகள் பின்வாங்கின. கடமானோ காட்டோரத்தில் தழைக்கும் இளஞ்செடிகளை நாடி வெளியே வந்தது. வந்ததும் துப்பாக்கியின் எல்லைக்குள் சிக்கியது. அக்காடுகளை வெட்டிச் சாய்த்த உழைப்பில் நம் முன்னோரான தமிழ்ப் பாட்டாளிகளுக்குப் பெரும் பங்குண்டு. ஹப்பக்கும் ஒரு தோட்ட முதலாளிதான். விலங்குகளின் வாழிடத்தைச் சுருக்கிய தொழிலும் அவற்றைக் காக்க எழுந்த குரலும் ஒரே மனிதரிடம் இருந்தன என்பதை அவரைப் போற்றுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

1923இல் பகாங்கின் கிராவ் பகுதியும் 1925இல் குனோங் தாகான் பகுதியும் வேட்டை விலங்குகளுக்கான காப்பகங்களாயின. 1930இல் மலாயா வனவிலங்கு ஆணையம் அமைக்கப்பட்டபோது அப்பொறுப்பு ஹப்பக்கிடம் வந்தது. பல இடங்களில் சாட்சியங்கள் கேட்டு, 1932இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை வெளியானது. யானை தோட்டத்தை அழிக்கின்றது என்று தோட்டத்தார் முறையிட்டனர். பயிர் காக்கவென்று கொடுக்கப்பட்ட துப்பாக்கிகள் மான் இறைச்சிக்காகப் பயன்படுவது ஹப்பக் தரப்பின் முறையீடு. ஒரு முதிய செலாடாங்கைத் தேடி வாரக்கணக்கில் நடந்த வேட்டையாளருக்கு, விளக்கொளியில் கண்கூசி நிற்கும் மானைச் சுட்டு விற்பது வெறுப்பூட்டியதை நாம் உணரமுடிகின்றது. எனினும் அவ்வெறுப்பில் வர்க்க வேற்றுமையும் கலந்திருந்தது. உரிமக் கட்டணம் செலுத்திச் சுவரை அலங்கரிப்பவன் விளையாட்டு வீரன். உலைக்காகக் கொல்பவன் திருடன் என்னும் பாகுபாடு இங்கிலாந்தின் பண்ணையார் காடுகளிலிருந்து கப்பலேறி வந்தது.

ஆயினும் இதனை வெறும் பாசாங்கு என்று ஒதுக்குவதும் பொருந்தாது. இறைச்சிக்கான வேட்டைக்கு எல்லை வகுப்பது சந்தை. சந்தையில் துப்பாக்கியும் சாலையும் மலிந்தபின் அவ்வெல்லை மறைந்துவிடுகின்றது. சுருக்குக் கயிற்றோடு ஊர்கூடிச் சென்ற காலத்து அளவு வேறு, தனியொருவன் இரவில் சுமந்துவரும் அளவு வேறு. இவ்வேறுபாட்டை ஹப்பக் கண்டிருந்தார். 1938-39இல் மூன்று மாநிலங்களின் சட்டங்களால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. 4,343 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள அப்பூங்காவே விடுதலைக்குப் பின் தாமான் நெகாரா எனப் பெயர் பெற்றது. அதனுள் வாழும் பாத்தேக் பூர்வகுடியினர் ஊதுகுழலால் வேட்டையாடுவது பெரும்பாலும் மரத்தின்மேல் வாழும் குரங்கு முதலிய சிறு விலங்குகளையே. கொம்புப் பட்டியலுக்கும் இறைச்சிச் சந்தைக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது வேட்டை அது.

ஹப்பக் தம் பிற்காலத்தில் செலாடாங் பற்றியும் காண்டாமிருகம் பற்றியும் விலங்கியல் ஆய்விதழ்களில் எழுதினார், 1942இல் மறைந்தார். அவர் முதன்மைப்படுத்திய பெருவிலங்குகளுள் சுமத்திராக் காண்டாமிருகம் 2019இல் மலேசியாவிலிருந்தே அற்றுப்போனது. அவருடைய நூல்தலைப்பில் இடம்பெறாத கடமானை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008இல் அழிவாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் சேர்த்தது. மறு ஆண்டே தீபகற்ப மலேசியாவில் கடமானுக்கும் கேளையாட்டுக்கும் வேட்டை உரிமம் வழங்குவது நிறுத்தி வைக்கப்பட்டது. அத்தடை பின்னர் நீட்டிக்கப்பட்டது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, காட்டில் புலிக்கு இரை குறைந்துவிட்டது என்பதாகும்.