மெஷின் பொய் சொல்லாது சார்!

வங்கியில் குப்பை கொட்டும் எல்லோரும் ஒரு முறையாவது சொல்லியிருக்கும், இல்லை பக்கத்து சீட்டில் கேட்டிருக்கும் வசனம் இது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர், "நான் அந்தப் பணத்தை எடுக்கவே இல்லைங்க" என்பார். இந்தப் பக்கம் இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு, "உங்க கார்டு, உங்க பின் நம்பர். மெஷின் பொய் சொல்லாது சார்" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

இந்த ஒற்றை வரிக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. அதில் கோர்ட் உண்டு, ஜெயில் உண்டு, தற்கொலைகளும் உண்டு. ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மா கையில் ஏ.டி.எம். கார்டும் ஸ்மார்ட்போனும் கொடுத்துவிட்டு ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய கதை.

முதல் ஏ.டி.எம். 1967 ஜூன் 27 அன்று வடக்கு லண்டனின் என்ஃபீல்டில், பார்க்ளேஸ் வங்கிக் கிளையில் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட் பாரன் பிறந்தது நம்ம ஷில்லாங்கில், 1925ல்! அப்போது பிளாஸ்டிக் கார்டெல்லாம் கிடையாது. கார்பன் 14 என்ற கதிரியக்கப் பொருள் தடவிய காசோலைத் தாளைச் செருக வேண்டும். உடம்புக்கு ஆகாதே என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார்: 1,36,000 காசோலைகளைத் தின்றால்தான் ஏதாவது ஆகும். பின் நம்பர் ஆறு இலக்கமாக இருக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தாராம். சமையலறை மேஜையில் மனைவியிடம் கேட்டபோது, நாலு இலக்கத்துக்கு மேல் எனக்கு நினைவில் நிற்காது என்று சொல்லிவிட்டார். அது நாலு ஆனது. (பின் நம்பர் முறைக்கான காப்புரிமைக்கு 1966லேயே ஜேம்ஸ் குட்ஃபெல்லோ என்ற ஸ்காட்லாந்துக்காரர் விண்ணப்பித்துவிட்டார். யார் முதல் என்று கடைசிவரை இருவருக்கும் ஆகவில்லை.)

கையெழுத்துக்குப் பதிலாக நாலு எண். இதில் என்ன மாறிப்போனது என்பதை அப்போது யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. செக்கில் கையெழுத்து போலி என்று வாடிக்கையாளர் சொன்னால், செக்கை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் பார்க்கலாம். கையெழுத்து நிபுணரைக் கூப்பிடலாம். கையெழுத்து போலி என்றால் நஷ்டம் வங்கிக்கு என்பதுதான் பொதுவாக சட்டம். பின் நம்பர் எப்போதும் சரியாகத்தான் இருக்கும், யார் அடித்தாலும். அதை அடித்த விரல் யாருடையது என்பதற்கு வங்கியின் சொந்தக் கம்ப்யூட்டரைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இந்த இடத்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் வேறு வேறு பாதையில் போயின.

1980ல் நியூயார்க்கில் ஒரு பெண்மணி சிட்டிபேங்க் மீது வழக்குப் போட்டார். தன் கணக்கிலிருந்து 800 டாலர் போயிருக்கிறது, அந்த நேரத்தில் தான் ஆபீஸில் வேலையில் இருந்தேன் என்று முதலாளியின் கடிதத்தையும் கொண்டுவந்தார். வங்கி தன் கம்ப்யூட்டர் பிரிண்ட்அவுட்டை நீட்டியது. நீதிபதி இரண்டையும் பார்த்தார். நம்பத்தகுந்த ஒரு மனுஷி நேரில் வந்து சொல்கிறார், எதிரே ஒரு இயந்திரத்தின் 'சாட்சியம்' இருக்கிறது என்பதற்காக அவரால் நிரூபிக்கவே முடியாத சுமையைத் தலையில் கட்ட மாட்டேன் என்று சொல்லி, பணத்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டார். 1978லேயே நிறைவேறிய மின்னணு நிதி மாற்றச் சட்டமும் அந்த வருடம் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் அனுமதித்துத்தான் பணம் போனது என்று நிரூபிக்கும் பொறுப்பு அதன்படி வங்கிக்கு. கார்டு தொலைந்ததை இரண்டு வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு அதிகபட்ச நஷ்டம் 50 டாலர். அங்கே வங்கிகள் ஒன்றும் மூழ்கிப்போகவில்லை. நஷ்டம் தங்கள் தலையில் என்று தெரிந்ததும் ஏ.டி.எம்.களில் கேமரா வைத்தார்கள், அவ்வளவுதான்.

பிரிட்டனில் வங்கிகள் வேறு பாட்டுப் பாடின. எங்கள் சிஸ்டத்தில் தப்பே நடக்காது, பணம் போயிருந்தால் நீங்களோ உங்கள் வீட்டாரோதான் எடுத்திருக்க வேண்டும். 1992ல் கேம்பிரிட்ஜ் பக்கத்தைச் சேர்ந்த ஒரு போலீஸ்காரர் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் ஹாலிஃபாக்ஸ் பில்டிங் சொசைட்டி கணக்கில் 460 பவுண்டு குறைகிறது. போய்ப் புகார் கொடுத்தார். புகார் பொய், ஏமாற்றிப் பணம் பறிக்கப் பார்க்கிறார் என்று அவர் மேலேயே கேஸ்! 1994ல் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்துவிட்டது. போலீஸ்காரருக்கே இந்தக் கதி.

அப்பீலில் அவருக்காக வந்தவர் ராஸ் ஆண்டர்சன். அதற்கு முந்தைய வருடம்தான், 1993ல், வங்கிகளின் சங்கேதக் குறியீட்டு முறைகள் ஏன் தோற்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். திருட்டெல்லாம் மேதாவிகள் கணக்குப் போட்டு உடைத்ததால் நடக்கவில்லை, சாதாரண அலட்சியத்தால் நடந்தது என்பதுதான் அதன் சாராம்சம். ஏ.டி.எம். துண்டுச்சீட்டில் முழு கணக்கு எண்ணையும் அச்சடித்த வங்கிகள் இருந்தன. வரிசையில் நின்று பின் நம்பரை எட்டிப் பார்த்துவிட்டு, கீழே கிடக்கும் சீட்டைப் பொறுக்கிக்கொண்டு போனால் போதும், போலி கார்டு தயார். ஒரு இடத்தில் புரோகிராமர் செய்த வேலையில் மொத்த வாடிக்கையாளர்களுக்கும் மூன்றே மூன்று பின் நம்பர்கள்தான் மாற்றி மாற்றிப் போய்க்கொண்டிருந்தன. ஆடிட் பார்த்தவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வராது.

சிஸ்டம் பாதுகாப்பானது என்று சாட்சி சொன்னவர்கள், ஆண்டர்சன் அதை வந்து பார்க்கட்டும் என்றபோது மறுத்துவிட்டார்கள். பரிசோதிக்க விடாத இயந்திரத்தின் சாட்சியத்தை ஏற்க முடியாது என்றது அப்பீல் கோர்ட். 1996ல் போலீஸ்காரர் விடுதலை. நாலு வருடம்.

பிரிட்டன் இதிலிருந்து பாடம் கற்றிருக்க வேண்டும் இல்லையா? நேர் எதிராக நடந்தது. அங்கே 1984 சட்டம் ஒன்றின் 69வது பிரிவு, குற்ற வழக்கில் கம்ப்யூட்டர் ஆவணத்தைக் காட்டினால் அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக இயங்கியது என்றும் காட்ட வேண்டும் என்றது. ரொம்பத் தொந்தரவாக இருக்கிறது என்று 1999ல் அந்தப் பிரிவையே நீக்கினார்கள். கம்ப்யூட்டர் சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று கோர்ட் வைத்துக்கொள்ளும், இல்லை என்று சொல்பவர்தான் அதற்கு ஏதாவது காட்ட வேண்டும்.

அதே 1999ல்தான் பிரிட்டிஷ் தபால் துறை, கிளைகளுக்கெல்லாம் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தது. செய்து கொடுத்த கம்பெனி இன்று ஃபுஜிட்சு. அங்கே தபால் கிளைகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் அரசு ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள். மளிகைக்கடையோடு சேர்த்து ஒரு கவுண்டர். குஜராத்திகள், பஞ்சாபிகள் என்று நம் நாட்டு வம்சாவளியினரும் நிறையப் பேர். கணக்கில் குறைந்தால் அவர்கள் கைக்காசைப் போட்டு நிரப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம்.

குறைய ஆரம்பித்தது. கல்லாவில் பணம் சரியாக இருக்கும், திரை வேறு தொகை காட்டும். 2015ல் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு கிளைக்கு வந்த 8,000 பவுண்டைக் கணக்கில் ஏற்றும்போது திரை உறைந்துவிட்டது. என்டரை மறுபடி மறுபடி அழுத்தினார் அந்த அம்மா. நாலு முறை வரவாகி 32,000 என்று நின்றது. இல்லாத 24,000 பவுண்டுக்கு அவர் பொறுப்பு! வங்கிக்காரர்களுக்கு இது உடனே புரியும். நாள் முடிவில் கணக்கு உதைத்தால் எந்த வவுச்சர் இரண்டு முறை போஸ்ட் ஆனது என்று தேடுவோம். தேட நமக்கு வவுச்சர் கட்டு இருக்கிறது, கேட்க ஹெட் ஆபீஸ் இருக்கிறது. அவர்களுக்கு ஹெல்ப்லைன்தான். அதில் கூப்பிட்டவர்கள் பலருக்குக் கிடைத்த பதில், வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, உங்களுக்கு மட்டும்தான் என்பது.

1999க்கும் 2015க்கும் நடுவில் 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். பெரும்பாலான வழக்குகளைப் போட்டது தபால் நிறுவனமே. புகார்தாரரும் அவர்தான், புலனாய்வும் அவர்தான், வக்கீலும் அவர்தான். 2010ல் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் கர்ப்பமாக இருக்கும்போதே சிறைக்குப் போனார், மகனின் பத்தாவது பிறந்த நாளன்று. இந்த விவகாரத்தால் குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று விசாரணை ஆணையம் 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை சொன்னது.

வேல்ஸில் கிளை நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவர் விடாமல் ஆட்களைச் சேர்த்து, 555 பேராக வழக்குப் போட்டார். கிளைக்காரருக்குத் தெரியாமலே ஃபுஜிட்சு ஆட்கள் வெளியிலிருந்து கிளைக் கணக்கில் நுழைந்து மாற்ற முடியும் என்பது அங்கேதான் நன்றாக அம்பலமானது. அது சாத்தியமே இல்லை என்று வருடக்கணக்காக சாதித்திருந்தார்கள். 2019 டிசம்பர் தீர்ப்பில் நீதிபதி, தபால் நிறுவனத்தின் வாதத்தை பூமி தட்டை என்று சொல்வதோடு ஒப்பிட்டார். 2021ல் 39 பேரின் தண்டனையை அப்பீல் கோர்ட் ஒரே நாளில் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் இதை டி.வி. தொடராக எடுத்த பிறகுதான் ஊரே கொதித்தது. அதே வருடம் மே மாதம் தனிச் சட்டமே போட்டு மிச்சத் தண்டனைகளில் பெரும்பாலானவற்றை நீக்கினார்கள். இருபது வருடம் கோர்ட் செய்யாததை ஒரு சீரியல் செய்ததே என்று சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா தெரியவில்லை.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். 1891ல் வெள்ளைக்காரன் போட்ட வங்கிப் புத்தக சாட்சியச் சட்டம் நம்மிடம் உண்டு. வங்கியின் பேரேட்டைக் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், சான்றளித்த நகல் போதும் என்பது அதன் வசதி. பேரேட்டுக்கு அந்த மரியாதை சும்மா வரவில்லை. ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்த்து இனிஷியல் போட, மாலையில் எல்லாம் கூட்டி நிகராக வேண்டும். அடித்துத் திருத்தினால் திருத்தியது தெரியும்.

2000ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது பிரிண்ட்அவுட்டையும் இதில் சேர்த்தார்கள். ஆனால் நிபந்தனையோடு. கிளை மேலாளரோ தலைமைக் கணக்கரோ ஒரு சான்று தர வேண்டும். கம்ப்யூட்டர் பொறுப்பாளர், அனுமதி இல்லாதவர் நுழையாமல் என்ன பாதுகாப்பு, திருத்தாமல் இருக்க என்ன ஏற்பாடு என்று விவரித்து இன்னொன்று தர வேண்டும். சம்பந்தப்பட்ட நேரத்தில் சிஸ்டம் ஒழுங்காக இயங்கியது என்றும் எழுத வேண்டும். கவனித்தீர்களா? பிரிட்டன் 1999ல் தூக்கி எறிந்ததை நாம் அடுத்த வருடமே சட்டத்தில் எழுதிக்கொண்டோம். பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய சட்டமும் மின்னணு ஆவணத்துக்குச் சான்று கேட்கிறது, நிபுணர் நிரப்ப வேண்டிய பகுதியோடு.

காகிதத்தில் நாம் கெட்டிதான். நடைமுறையில், சர்வர் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்திராத கிளை மேலாளர், அச்சடித்து வந்த படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். இதில் எனக்கு நிம்மதி இல்லை.

நமக்கு நிஜமாகக் கைகொடுத்தது ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை. அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனையில் வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்க வேண்டியது வங்கி என்று அது தெளிவாகவே சொன்னது. தப்பு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை. இருவர் மேலும் தப்பில்லாமல் நடுவில் எங்கோ ஓட்டை என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்பும். நாலிலிருந்து ஏழு நாள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு உச்சவரம்பு வரை இழப்பு. அமெரிக்காவின் 1978 சட்டத்துக்கு நாம் வந்து சேர 39 வருடம் ஆனது.

அதில் ஒரு வாசல் உண்டு. ஓ.டி.பி.யையோ பின் நம்பரையோ நீங்களே சொல்லிவிட்டால் அது உங்கள் அலட்சியம், புகார் சொல்லும் வரை போனது போனதுதான். அதனால் கவுண்டரில் பழைய வசனம் புது உருவத்தில் வருகிறது: "ஓ.டி.பி. போயிருக்கு சார், நீங்கதான் யாருக்கோ சொல்லியிருக்கணும்." ஓ.டி.பி. அனுப்பியதாக சர்வர் குறித்து வைத்திருப்பது உண்மையாகவே இருக்கட்டும். டூப்ளிகேட் சிம் வாங்கியவன் கைக்குப் போனதா, போனில் நுழைந்த செயலி படித்ததா, எழுபது வயது அம்மா சொன்னதா என்பது அந்தக் குறிப்பில் இருக்காது. நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கு என்று எழுதியிருப்பதை அந்த இடத்தில் எத்தனை வாடிக்கையாளர் எடுத்துக் காட்டுகிறார்கள்?

ஆகவே ஊரிலிருந்து, "பணம் போயிருச்சுப்பா, திங்கக்கிழமை பேங்குக்குப் போய்க் கேட்டுக்கறேன்" என்று போன் வந்தால், திங்கட்கிழமை வரை விடாதீர்கள். அன்றைக்கே வங்கியின் எண்ணிலும் 1930லும் புகார் சொல்லி, புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிளையில் தரும் கடிதத்துக்கு முத்திரையோடு நகல் வாங்கச் சொல்லுங்கள். ஏ.டி.எம். விவகாரம் என்றால் அந்த இயந்திரத்தின் எலக்ட்ரானிக் ஜர்னல், அன்றைய ரொக்க இருப்புக் கணக்கு, கேமரா பதிவு மூன்றையும் கடிதத்திலேயே பெயர் சொல்லிக் கேளுங்கள். கேமரா பதிவை வங்கிகள் வருடக்கணக்கில் வைத்திருப்பதில்லை, அதனால் அதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.