தசை இழப்புக்குப் பெயர் கிடைத்த கதை

1/ "வயசானா உடம்பு வத்தத்தான் செய்யும்." நாம எல்லாரும் சொல்ற வசனம்தான். மருத்துவ உலகமும் ரொம்ப காலம் இப்படித்தான் சொல்லிட்டு இருந்தது. அது எப்படி மாறுச்சுன்னு பாருங்க.

2/ 1988. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள அல்புகெர்க்கி நகரம். முதியவர்களின் ஊட்டச்சத்து பற்றிய ஒரு கூட்டத்தில் டாக்டர் இர்வின் ரோசன்பெர்க் கேட்டது இதுதான்: வயதாகும்போது தசை குறைவது நடை, நடமாட்டம், சுயமா வாழ்றது எல்லாத்தையும் பாதிக்குது. இருந்தும் யாரும் ஏன் இதைக் கண்டுக்கல? முதல்ல இதுக்கு ஒரு பெயர் வேணும். அவர் முன்வைத்த பெயர் 'சார்க்கோபீனியா'. கிரேக்கத்தில் சார்க்ஸ் என்றால் சதை, பீனியா என்றால் குறைவு.

3/ பெயர் வந்தாச்சு. குறைஞ்ச பலம் திரும்ப வருமா? 1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் குழு, முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேரை எடை தூக்கும் பயிற்சியில் சேர்த்தது. சராசரி வயது 90! 8 வாரப் பயிற்சியை முடித்தவர்கள் 9 பேர். அவங்க கால் தசையின் பலம் சராசரியா 174% கூடியிருந்தது.

4/ 1994-ல் அதே குழு, 100 பேர், 10 வாரம். பயிற்சி செய்தவங்களுக்குப் பலம் 113% கூடியது. பயிற்சி இல்லாம சத்து பானம் மட்டும் குடிச்சவங்களுக்கு அப்படி எதுவும் நடக்கல. ஹெல்த் டிரிங்க் டப்பா வாங்கிக் கொடுத்துட்டு கடமை முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்க இதை இன்னொரு தடவை படிங்க.

5/ அப்புறம் கண்டுபிடிக்கும் வழிகள் வந்தன. 2013-ல் ஐந்தே கேள்விகள்: எடை தூக்க, நடக்க, நாற்காலியில் இருந்து எழ, படி ஏற சிரமமா? கீழே விழுந்தீங்களா? 10-க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் சந்தேகப்படணும். 2016-ல் அமெரிக்க நோய்ப் பட்டியலில் தனிக் குறியீடே கிடைத்தது. பெயர் வைத்து 28 வருஷம் கழிச்சு!

6/ 2019-ல் ஆசிய நிபுணர் குழு நம்ம உடல்வாகுக்கு நெருக்கமான அளவுகளைச் சொன்னது. கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கவனிக்கணும். தையல் டேப் போதும்.

7/ சாப்பாடு? முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு தினமும் 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ இருந்தால் 60-72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். அப்போ மூணு வேளையும் கஞ்சி, ரசம் சாதம், இட்லின்னு போனா எங்கிருந்து வரும்? முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர்னு ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒண்ணு தட்டுல இருக்கணும். கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு கூட்டுங்க.

8/ இன்னைக்கே ஒண்ணு செய்யுங்க. அப்பாவையோ அம்மாவையோ கையை மார்பில் கட்டிக்கிட்டு நாற்காலியில் இருந்து 5 தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்க. விழாம பக்கத்துல நில்லுங்க. 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆச்சுன்னா, "வயசாயிடுச்சு"ன்னு விட்டுடாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.