உப்பேறிய கிணறு: அத்திப்பட்டுத் தண்ணீரின் வரலாறு

‘கடலோரம்னா தண்ணி உப்பாத்தான் இருக்கும்’ என்று சொல்லிவிடுவது சுலபம். அத்திப்பட்டு, மீஞ்சூர், எண்ணூர் வட்டாரத்துச் சேரி சனங்களின் தண்ணீர்ப் பிரச்சினையை இந்த ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பழியைக் கடலின் மேல் போட்டுவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஆனால் இந்த உப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

தண்ணீரின் தரத்தை நம் பெண்கள் சோதனைக்கூடத்துக்குப் போய்த் தெரிந்துகொண்டதில்லை. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாய்த் திரியும், வாளியில் வெள்ளையாய்ப் படியும், தலைமுடி சிக்காகும். இதைத்தான் படித்தவர்கள் ‘கடினத்தன்மை’ என்கிறார்கள். கால்சியம், மக்னீசிய உப்புகள் தண்ணீரில் கூடுதலாகக் கரைந்திருப்பதால் வருவது. குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். இந்த ‘வேறு வழியே இல்லாத இடம்’ எப்போதும் எந்தத் தெருவாக இருக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

அத்திப்பட்டு உப்பளங்கள் இருந்த ஊர். கழியில் உப்பு விளைந்தாலும் நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் இருந்தது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட மணல், சரளைப் படுகைகள் மீஞ்சூர் வட்டாரத்தின் அடியில் கிடக்கின்றன. அவற்றில் நிறைந்திருந்த நல்ல தண்ணீர்தான் கடலைத் தள்ளி நிறுத்தியிருந்தது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை உப்புநீர் ஏறாது என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. மேலே ஒரு அடி இறைத்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும் என்பதும் அதே கணக்குதான்.

இறைத்தது யார்? முதலில் ஆற்றுத் தண்ணீர் போயிற்று. கொசஸ்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் மறித்துச் சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாகச் சென்னை நகரத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் 1872-லேயே வந்தது. 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அடுத்து நிலத்தடி நீர். 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இந்தப் படுகைகளை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். மீஞ்சூர்த் தண்ணீர் குழாய் வழியே மணலியின் ஆலைகளுக்குப் போனது. எண்ணெய் சுத்திகரிப்பு, உரம் எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர் தேவைப்பட்டது. விவசாயத்துக்கும் மோட்டார் போட்டு இறைத்தார்கள். 1969-ல் கடலோரத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்த உப்புநீர், பின்னாளைய ஆய்வுகளின்படி பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே போய்விட்டது.

உப்புநீர் புகுந்தால் உப்புக் கரிப்பு வரும், கடினத்தன்மை எப்படி வரும் என்று கேட்கலாம். கடல்நீரிலேயே மக்னீசியம் உண்டு. போதாததற்கு, அதிலுள்ள சோடியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு, அங்கே இருந்த கால்சியத்தைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறது. இப்படி வரும் கடினத்தன்மை காய்ச்சினால் போகாது. ‘கொதிக்க வச்சுக் குடிங்க’ என்ற அறிவுரை கிருமிக்கு ஆகும், இதற்கு உதவாது.

இனி இதைச் சாதியோடு சேர்த்துப் பார்ப்போம். பொன்னேரி வட்டாரம் அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லா. அந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. நிலமில்லாதவர்கள் என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். நிலமில்லாதவனுக்குத் தண்ணீரும் இல்லை. 1882-ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டப்படி நிலத்துக்காரன் தன் நிலத்துக்கு அடியிலுள்ள தண்ணீரை இறைத்துக்கொள்ளலாம். கூலிக்காரனுக்குப் பொதுக்கிணறுதான் மிச்சம். அங்கேயும் ஊர் விடவில்லை.

1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுவழி, பொதுக்கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். 1927 மார்ச் 20-ல் மஹாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார் அம்பேத்கர். அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு கிணற்றையும் குளத்தையும் பேர் சொல்லிக் குறிப்பிட்டது. இவ்வளவு போராடி, கிணறு சட்டப்படி நமக்கும் பொதுவானது. இருபது வருசம் போவதற்குள் அந்தக் கிணற்றில் கடல் ஏறிவிட்டது! ‘தொடாதே’ என்று சொல்ல ஆள் நிற்க வேண்டியதில்லை. வாயில் வைக்க முடியாத தண்ணியை யார் தொட்டால் என்ன?

உப்பு எல்லார் கிணற்றிலும்தானே ஏறியது, இதில் சாதி எங்கே வந்தது என்பார்கள். ஏறியது எல்லாருக்கும்தான். தப்பித்துப் போக வழி இருந்தது நிலமுள்ளவர்களுக்கு. இன்னும் ஆழமாய்ப் போர் போட முடிந்தது. மேற்கே தண்ணீர் உள்ள இடங்களில் பயிர் வைப்பதை விட்டுக் குடிநீர் வாரியத்துக்கும் லாரிக்கும் தண்ணீரை விற்க முடிந்தது. பயிர் நின்றால் முதலில் போவது கூலி. நாற்று நடவும் களை எடுக்கவும் போன பெண்களுக்கு வேலையும் போச்சு, தண்ணியும் போச்சு. அந்த வீட்டில்தான் கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

1994-ல் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து கொசஸ்தலையாற்றுக் கழியில் சாம்பல் படிந்தது. செப்பாக்கம் சாம்பல் குளத்தை ஒட்டி வாழ்கிறது. இந்தச் சாம்பல் மாசுக்கு மின்வாரியம் பொறுப்பு என்று 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியது. இதற்கிடையில் 2010-ல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர், சென்னை நகரத்துக்காக. நல்ல தண்ணீரை எடுத்துக் கடலை உள்ளே விட்ட அதே நகரத்துக்கு, கடலிலிருந்து உப்பை நீக்கிய தண்ணீரும் போகிறது. உப்பு நிலத்தில் இருப்பவர்களிடமே மிஞ்சுகிறது.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. தலித்துகளும் பழங்குடிகளும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுத்து, பயன்படுத்தத் தகுதியற்றதாக்குவது குற்றம் என்கிறது அது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரிந்தபோது நாடே பதறியது. அங்கே ஒரு தொட்டி. இங்கே ஒரு வட்டாரத்தின் நிலத்தடி நீர் முழுவதும் ஐம்பது வருசமாய்க் கெட்டிருக்கிறது. கெடுத்தவன் ஒரு ஆளாய் இல்லாமல் திட்டமாகவும் குழாயாகவும் ஒப்பந்தமாகவும் இருப்பதால் சட்டத்தின் கைக்குச் சிக்கவில்லை. சென்னைப் பெருநகரப் பகுதியின் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987-லேயே சட்டம் போட்டார்கள். அதற்குள் மீஞ்சூர்க் கிணறுகள் உப்பாகியிருந்தன.

எனவே தண்ணீர்ப் போராட்டத்தை ‘ஒரு குழாய் கூடப் போடுங்கள்’ என்ற மனுவோடு நிறுத்திக்கொள்ள முடியாது. சேரிக் குழாயில் வரும் தண்ணீரைத் தனியாகப் பரிசோதித்து, முடிவைத் தமிழில் தெருவிலேயே எழுதி வைக்கக் கேட்க வேண்டும். காட்டுப்பள்ளித் தண்ணீரில் முதல் பங்கு, நிலத்தையும் நீரையும் இழந்த இந்த ஊர்களுக்கு வேண்டும். அதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. நூறு வருசத்துக்கு மேலாக எடுத்துக்கொண்டு போன தண்ணீரின் பாக்கி அது.