பாரிமுனையும் பாட்டியின் சீட்டும்

கல்லூரி விழாவில் ஒரு ஸ்டால் போடலாம் என்று நாங்கள் நான்கு பேர் முடிவு செய்தோம். துணிப்பையில் படம் வரைந்து விற்பதுதான் திட்டம். பெயின்ட், பிரஷ், லேஸ் எல்லாம் எங்கள் ஊரிலும் கிடைக்கும், ஆனால் விலை கையைக் கடிக்கிறது. "பாரீஸ் போங்கடி, பாதி விலைக்கு அள்ளிட்டு வரலாம்" என்றார் சீனியர் அக்கா. (பிரான்ஸில் இருக்கும் பாரிஸ் இல்லை, சென்னை பாரிமுனை!) விஷயம் தெரிந்ததும் பாட்டி தன் பங்குக்கு ஒரு சீட்டைக் கையில் திணித்தார். கடுக்காய் கால் கிலோ, படிகாரம் நூறு கிராம், அதிமதுரம் கொஞ்சம்.

பாரிமுனைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு. காகிதமும் கல்யாணப் பத்திரிகையும் ஆண்டர்சன் தெரு, துணி என்றால் கோடவுன் தெரு, பாசிமணி, லேஸ், கவரிங் சாமான்களுக்கு நாராயண முதலி தெரு. ஒரே பொருளை விற்கும் இருபது கடைகள் ஏன் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன என்று பி.காம் முதல் வருடத்தில் நான் கேட்டதுண்டு. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். வாங்குபவன் தேடி அலைய வேண்டாம், விற்பவனுக்கும் ஆள் வரத்து நிச்சயம். அவ்வளவுதான். பாட்டியின் சீட்டுக்கு மட்டும் ராசப்ப செட்டி தெரு வரை நடந்தோம். நாட்டு மருந்துக் கடைகள் நிறைந்த தெரு அது.

ஊருக்குத் திரும்பியபின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு பக்கம் பெயின்ட் பாட்டில்கள், இன்னொரு பக்கம் கடுக்காயும் படிகாரமும். துணியில் எப்படி வரைவது என்று தெரிந்துகொள்ள கலம்காரியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்திருந்தேன் அப்போது. படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் மதராஸில் துணியில் வரைந்தவர் யாராவது வந்து பார்த்தால், என் பெயின்ட் பாட்டிலைத் தொடவே மாட்டார். பாட்டியின் பொட்டலத்தைத்தான் எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

ஏனென்றால் இந்த ஊரே அந்தச் சித்திரத் துணியை நம்பித் தொடங்கியதுதான். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தபோது, ஜாவாவில் உள்ள பான்டம் மக்கள் விரும்பிக் கேட்கும் சித்திரத் துணி இங்கே கிடைக்கிறது, நீளத் துணியும் மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்றுதான் மேலிடத்துக்கு எழுதினார். துணியைக் கொடுத்து ஜாவாவில் மிளகு வாங்க வேண்டும், அதுதான் கணக்கு. கப்பல் நிற்க நல்ல துறைமுகம்கூட இல்லாத மணல்வெளி. ஆனாலும் சரக்கு ஜெயித்தது! கோட்டைக்கு வடக்கே நெசவாளர்களும் சாயக்காரர்களும் சித்திரம் எழுதுபவர்களும் குடியேறினார்கள். வெள்ளைக்காரர்கள் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆனது.

வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்துக் காய வைப்பார்கள். பாலில் உள்ள கொழுப்பினால் மை பரவாது. துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டால் ஒரு கரைசல் கிடைக்கும். அதை மூங்கில் குச்சியில் தொட்டு வரைந்தால், கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கறுப்புக் கோடாகும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தடவிவிட்டு, சாயவேர் போட்ட கொதிநீரில் துணியை முக்குவார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும், மற்ற இடத்தில் ஏறிய சாயம் வெளுப்பில் போய்விடும். நீலத்துக்கு அவுரி. எத்தனை தடவை துவைத்தாலும் போகாத நிறம். அந்த ரகசியம்தான் ஐரோப்பாவுக்கு அப்போது தெரியவில்லை.

தெரியாததால் வந்தது வினை. லண்டன் பெண்கள் இந்தத் துணி மேல் பைத்தியமானார்கள், அங்கிருந்த நெசவாளர்களோ வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். 1719-ல் தெருவில் சித்திரத் துணி அணிந்து போன பெண்களின் உடையைக் கிழிக்கும் அளவுக்குக் கலவரம். 1700-ல் இறக்குமதிக்குத் தடை வந்திருந்தது, 1721-ல் உடுத்தவே தடை போட்டார்கள். அதோடு இங்கே தொழில் படுத்துவிட்டது என்று நான் நினைத்தேன், தப்பு. மற்ற நாடுகளில் கிராக்கி இருந்தது. 1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர், நூற்பவர், சித்திரக்காரர், வெளுப்பவர் எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு புதுக் கிராமமே அமைத்தார்கள். 'சின்னத்தறிப்பேட்டை' என்ற அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் நமக்கு மீன் மார்க்கெட்தான் ஞாபகம் வருகிறது :)

பழைய கறுப்பர் நகரம் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைகளுக்குப் பின் இடிக்கப்பட்டது. கோட்டையிலிருந்து சுட மறைப்பில்லாத வெட்டவெளி வேண்டுமாம். 1892-ல் கட்டி முடித்த உயர்நீதிமன்றம் நிற்பது அந்த நிலத்தில்தான். நாங்கள் அலைந்த தெருக்கள் அதற்கு வடக்கே வளர்ந்த புது நகரம். ஆனால் தொழிலை நிஜமாக அடித்தது பீரங்கி இல்லை. 1783-ல் தாமஸ் பெல் உருளை அச்சு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆள் கையால் எழுதியதை இயந்திரம் உருட்டித் தள்ளியது. 1868-ல் கிரேபெ, லீபர்மான் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் சாயவேரில் உள்ள அதே சிவப்பை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். சாயவேர் பயிரிட்டவர்களின் கதையும் முடிந்தது. பின்னால் 1950-களில் கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றவர்களின் முயற்சியால் காளஹஸ்தியில் கலம்காரி மறுபடி தலைதூக்கியது. கும்பகோணம் பக்கமும் சில குடும்பங்கள் கருப்பூர் பாணியை விடாமல் காப்பாற்றின.

மதராஸ் சித்திரக்காரர்கள் யார், அவர்கள் பெயர் என்ன? தம்பு செட்டி, லிங்கி செட்டி என்று வியாபாரிகளின் பெயரில் தெரு இருக்கிறது. குச்சி பிடித்தவர்கள் பெயரில் ஒரு தெருவை எங்கள் கண்ணுக்கு எட்டிய வரை பார்க்கவில்லை. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது, நானும் வியாபாரம்தான் படிக்கிறேன் என்றாலும்.

நாட்டு மருந்துக் கடைக்காரர் "கடுக்காய் எதுக்கும்மா, வயித்துக்கா?" என்று கேட்டபோது, ஆமாம் என்றுதான் சொல்லி வாங்கினேன். பாட்டியிடம் கெஞ்சி அதில் ஒரு கைப்பிடி எடுத்து, ஒரு பழைய காடாத் துணியில் முயற்சி செய்தேன். பழைய ஆணிகளை வெல்லத் தண்ணீரில் பதினைந்து நாள் ஊறவிட்டதில் வீடெல்லாம் நாற்றம், அம்மாவிடம் வசவு. குச்சியால் இழுத்த கோடு முதலில் மங்கலாகத்தான் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. இரண்டு தடவை துவைத்துவிட்டேன், இன்னும் போகவில்லை.