2 ஜிபி ராமும் 65 ஜிபி விளையாட்டும்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தை அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கான திட்டம். அடுத்த சில வருடங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாநிலம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. திண்டுக்கல், வத்தலக்குண்டு, வேடசந்தூர் பக்கம் பல வீடுகளில் நுழைந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான்.

தொடக்கத்தில் கொடுத்தவற்றில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படிக்கத்தானே கொடுத்தார்கள் என்பீர்கள். சரிதான், ஆனால் பதினேழு வயதில் லேப்டாப் கிடைத்தால் கேம் போட்டுப் பார்க்காதவர் யார்?

அதில் நன்றாக ஓடியவை எல்லாம் பழைய ஆட்டங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6, பிறகு 2003-ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி. அதற்கு 128 எம்பி ராம் இருந்தாலே போதும்! 2015 ஏப்ரலில் வந்த ஜி.டி.ஏ. 5 கேட்டதோ குறைந்தது 4 ஜிபி ராம், 65 ஜிபி இடம். நான்கே வயதான லேப்டாப் அதற்குள் கிழடாகிவிட்டது.

பழைய ஆட்டங்கள் பெரும்பாலும் பென்டிரைவில் கைமாறியவை. தயாரித்தவர்களுக்குப் பைசா போகவில்லை. "காசு தராதவர்களுக்காக ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று அவர்கள் கேட்டால் தப்பில்லை.

அதற்கான பதில் 2019-ல் வந்தது. 2017-ல் வெளியான பப்ஜி, கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராமும் தனி கிராபிக்ஸ் கார்டும் கேட்டது. 2019 ஜூலையில் அதே நிறுவனம் இந்தியாவில் பப்ஜி லைட்டை இலவசமாக விட்டது. 4 ஜிபி ராம், இன்டெல் எச்.டி. 4000 போதும். அதே நூறு பேர், அதே எராங்கல் தீவு. குறைத்தது காட்சியின் பளபளப்பை, ஆட்டத்தை அல்ல. வருமானத்துக்கு உடை, அலங்காரப் பொருள் விற்பனை. 2020-ல் வந்த வேலரண்ட் இன்னும் இறங்கி, 2011-ஆம் வருடத்து இன்டெல் எச்.டி. 3000-லேயே ஓடியது.

எல்லாப் பழைய கம்ப்யூட்டருக்கும் ஆட்டம் செய் என்பது வீம்பு. ஒவ்வொன்றிலும் சோதித்துப் பார்க்கவே செலவு எகிறும். 2 ஜிபி லேப்டாப்புக்கு இந்த இரண்டும்கூட எட்டாதவைதான். ஆனால் தனி கார்டு இல்லாத ஒரே காரணத்துக்காக ஒரு மாணவனை வெளியே நிறுத்துவது சோம்பேறித்தனம் அன்றி வேறென்ன?

பப்ஜி லைட் 2021 ஏப்ரல் 29-ல் மூடப்பட்டது. சர்வர் நின்றதும் ஆட்டமும் போச்சு. வைஸ் சிட்டிக்கு சர்வரே வேண்டாம், அந்த 2011 லேப்டாப் ஆன் ஆனால் போதும்.